மூன்றாம் நாளும் நான்காம் நாளும்: சத்திரசிகிச்சை விடுதிகளுக்கு ஒரு திறந்த மடல்

வடமாகாணச் சுகாதாரத் துறையினருக்கும், யாழ்ப்பாணத்து வைத்தியசாலை நிர்வாகத்தினருக்கும், பெண்நோயியல், புற்றுநோய், பொதுச் சத்திரசிகிச்சை வைத்திய நிபுணர்களுக்கும், விடுதித் தாதியருக்கும், ஆய்வுகூடத்தாருக்கும்

வணக்கம்.

நான் 31 வருடம் சத்திரசிகிச்சை விடுதிகளில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள். இந்த மடலை என் தங்கச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என்ரை பேரைப் போடாதை அக்கா. ஆனால் பையைப் பற்றி எழுது" என்றாள். அதையும் எழுதுவேன்.

முதலில் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். சூலகம், கருப்பை, கருப்பைக் கழுத்து ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்காகப் பெரிய சத்திரசிகிச்சை செய்துகொள்ளும் பெண்களில், குடலில் கை வைக்க நேர்ந்த ஒவ்வொருவருக்கும், சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனையைப் பாருங்கள்; உள்ளே கிருமியோ அழற்சியோ இருந்தால் ஏறுகிற எண் அது. வந்த எண்ணை அன்றைக்கே, பொழுதுபடுவதற்குள், முடிவெடுக்கக்கூடிய ஒருவர் பார்க்கட்டும். போயா நாளானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி.

"கருப்பையிலைதானே வருத்தம், குடலை ஏன் வெட்டினவை?" என்று விடுதி வாசலில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சூலகப் புற்றுநோய் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் பிடிபடுகிறது. அதற்கு முன் வயிறு கொஞ்சம் ஊதுவது, பசி குறைவது போன்றவை தவிரப் பெரிய குறி பெரும்பாலும் காட்டாது. வாய்வு என்று சொல்லி ஓமத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள். பிடிபடும்போது அது வயிற்றின் உட்சவ்வு முழுக்கத் தூவிய குரக்கன் போலக் கிடக்கும். கருப்பைக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் இறங்கி, பெருங்குடலின் கடைசிப் பகுதியையும் நேர்குடலையும் கருப்பையோடு சேர்த்து ஒட்டிவிடும். கண்ணுக்குத் தெரிகிற புற்று ஒன்றையும் மிச்சம் விடாமல் எடுப்பதுதான் சத்திரசிகிச்சையின் நோக்கம். அப்படி எடுத்தால்தான் பிறகு கொடுக்கிற கீமோவும் நன்றாக வேலை செய்யும். அதனால் ஒட்டிய குடல் துண்டையும் எடுத்து, இரண்டு முனையையும் பொருத்த வேண்டி வருகிறது. அந்தப் பொருத்து விடுவதைத்தான் கசிவு என்கிறோம். நூறு பேருக்கு இப்படிப் பொருத்தினால் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் அது வரும். வந்தால் மலம் கலந்த நீர் வயிற்றுக்குள் போகும். இரத்தம் நஞ்சாகும். ஆள் தப்பினாலும் படுகிற பாடு பெரிது.

குடலை வெட்டாத இடத்திலும் இந்த ஆபத்து உண்டு. முன்னரே சத்திரசிகிச்சை செய்த வயிற்றிலோ கதிர்ச்சிகிச்சை பட்ட வயிற்றிலோ குடல் ஒட்டிக் கிடக்கும். அதைப் பிரிக்கும்போது சுவரில் சின்னக் கீறல் விழலாம். மின்சாரத்தால் இரத்தத்தைக் கட்டும் கருவி பட்ட இடம் அன்றைக்கு வெளுத்த புள்ளியாக மட்டும் தெரிந்து, சில நாள் கழித்து ஓட்டையாகலாம். பெண்நோயியலில் துளைவழிச் சத்திரசிகிச்சைகளை மட்டும் எடுத்துப் பார்த்து 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், 769 பேரில் ஒருவருக்குக் குடல் காயம்; அப்படிக் காயப்பட்டவர்களில் 100க்கு 41 பேரில் அது அன்றைக்கே தெரியவில்லை. பிந்தித் தெரிந்தவர்களில்தான் உயிரிழப்பும் கூட.

இனி என் தங்கச்சி. எந்த வைத்தியசாலை, எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் கை ஓயாமல் வேலை செய்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சை. குடலில் ஒரு சாண் எடுத்துப் பொருத்தினார்கள். வியாழன் எடுத்த சி.ஆர்.பி. 186. பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த எண்ணைக் கண்டு பதறத் தேவையில்லை. வெள்ளி போயா விடுமுறை. ஆனாலும் காலையில் இரத்தம் எடுத்தார்கள். பின்னேரம் 3 மணிக்கு ஆய்வுகூடம் துண்டை அச்சடித்து விடுதிக்கு அனுப்பிவிட்டது: 248. அது மேசையிலிருந்த நீலத் தட்டுக்குள், மற்றத் துண்டுகளுக்கு நடுவில் போய்க் கிடந்தது. சனிக்கிழமை இரத்தம் எடுக்கவில்லை. மூன்று விடுதிகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டு ஓடித்திரிந்த இளம் டொக்டர் வந்து, "வலி இருக்கா?" என்று கேட்டார். முதுகில் வைத்த குழாய் வழியே வலிமருந்து போய்க்கொண்டிருந்தது. வலி எங்கே தெரியும்? பரசிற்றமோல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் போனதால் காய்ச்சலும் இல்லை. நாடி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. 96. 104. 110. ஞாயிறு காலையில் 118.

ஞாயிறு மத்தியானம் அவளுக்கு வயிற்றால் போனது. நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பக்கத்துக் கட்டில் அம்மாவும் "இனிப் பயமில்லைப் பிள்ளை" என்றா. பின்னேரத்துக்குள் ஐந்து தரம் போனாள். கொஞ்சம் கொஞ்சமாக, சளியாக, போன பிறகும் போக வேண்டும் போல. இடுப்புக்குள் சீழ் தேங்கி நேர்குடலை உறுத்தினால் இப்படித்தான் போகும். இதை நான் பயிற்சித் தாதியருக்குப் படிப்பித்திருக்கிறேன். என் தங்கச்சியின் கட்டிலருகே நின்றபோது அது எனக்குத் தோன்றவில்லை. அன்று பொழுதுபட அவள் என் கையைப் பிடித்து, "அக்கா, எனக்கு என்னவோ செய்யுது. என்னெண்டு சொல்லத் தெரியேல்லை" என்றாள். நாடியை எழுதவும் காய்ச்சலை எழுதவும் கட்டில் தாளில் கட்டம் இருக்கிறது. இந்த வார்த்தையை எழுத இல்லை. நான் தாதியிடம் சொன்னேன். தாதி டொக்டரிடம் சொன்னா. டொக்டர் சேலைனைக் கூட்டினார். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. ஓய்வுபெற்றவள் வந்து விடுதியை நடத்தப் பார்க்கிறாள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

திங்கள் காலை 8 மணிச் சுற்றில் வைத்திய நிபுணர் தட்டைக் கிளறி அந்தத் துண்டை எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே அவளுடைய நாடியைப் பிடித்தார். அன்று எடுத்த சி.ஆர்.பி. 362. மத்தியானத்துக்குள் சி.ரி. ஸ்கான், இரவு மறுபடி சத்திரசிகிச்சை, பிறகு 11 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. வெள்ளி பின்னேரம் 3 மணியிலிருந்து திங்கள் காலை 8 மணி வரை 65 மணித்தியாலம் அந்தத் துண்டு தட்டில் கிடந்திருக்கிறது. இரத்தம் எடுக்கப்பட்டது, இயந்திரம் சரியாக அளந்தது, காகிதமும் வந்து சேர்ந்தது. பார்க்க ஆள் இருக்கவில்லை.

சி.ஆர்.பி. என்பது ஈரல் செய்கிற ஒரு புரதம். உடம்பில் எங்காவது காயமோ கிருமியோ அழற்சியோ வந்தால், அந்த இடத்திலிருந்து போகிற செய்தியைக் கேட்டு ஈரல் இதை அள்ளி இரத்தத்தில் விடும். 1930இல் நியூமோனியாக் காய்ச்சல்காரரின் இரத்தத்தில் இதை முதன்முதலில் கண்டார்கள். சுகமாயிருக்கிறவர்களில் பெரும்பாலும் லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்கும். வயிற்றைத் திறந்தால் கிருமியே இல்லாவிட்டாலும் ஏறும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சிக்குப் போகும். இதில் எங்களுக்கு உதவுகிற குணம் ஒன்று உண்டு. இரத்தத்தில் இருக்கிற சி.ஆர்.பி. ஏறத்தாழ 19 மணித்தியாலத்தில் பாதியாகும். உடம்பு நல்லபடி ஆறுகிறதென்றால் ஈரல் உற்பத்தியைக் குறைக்கும், எண் மளமளவென்று இறங்கும். மூன்றாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குப் போகும்போது அது இறங்கவில்லை, அல்லது ஏறுகிறது என்றால், உள்ளே எதுவோ இன்னும் ஈரலுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது என்னவென்று தேட வேண்டும்.

தேடுவதற்கு எல்லைக் கோடுகளும் இருக்கின்றன. பெருங்குடல், நேர்குடல் சத்திரசிகிச்சைகள் பற்றிய 7 ஆய்வுகளைச் சேர்த்து, 2483 நோயாளிகளை வைத்து 2014இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மூன்றாம் நாள் 172, நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144 என்ற எண்களுக்குக் கீழே இருந்தவர்களில் 100க்கு 97 பேருக்குக் கசிவு இல்லை. மேலே இருந்தவர்களிலோ 100க்கு 21 முதல் 23 பேருக்குத்தான் கசிவு இருந்தது. இந்த இரண்டாவது வரியை மறந்துவிட்டு முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் தேவையில்லாமல் வயிற்றைத் திறப்பதில் போய் முடியும். எண் கூடியிருந்தால் அது நெஞ்சுச் சளியாக இருக்கலாம், காயத்தில் சீழாக இருக்கலாம், சிறுநீர்க் குழாயால் வந்த தொற்றாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அது வந்து பார் என்று கூப்பிடும் மணி மட்டுந்தான். குறைந்திருக்கிற எண்தான் நிம்மதி தரும். அந்த நிம்மதியிலும் ஒரு பங்கு, கசிவு என்பது எப்படியும் குறைவாகவே வருகிற விடயம் என்பதால் கிடைப்பது. எண் நன்றாயிருந்தும் ஆள் நன்றாயில்லை என்றால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த எண்கள் குடல் சத்திரசிகிச்சை நோயாளிகளிடம் கிடைத்தவை. சூலகப் புற்றுக்காகக் கருப்பை, சூலகம், வயிற்றுத் திரை, உதரவிதானத்துச் சவ்வு, சிலவேளை மண்ணீரல் என்று ஒரே நாளில் எடுக்கப்பட்ட பெண்ணின் உடம்பு அதைவிடப் பெரிய அடி வாங்கியிருக்கும். கசிவு இல்லாமலே அவளுக்குச் சி.ஆர்.பி. கூடியிருக்கலாம், புற்றுநோயாலேயே முதலிலிருந்து கொஞ்சம் கூடியும் இருக்கலாம். ஆகவே 124 என்ற எண்ணைக் கல்லில் வெட்டி வைக்க நான் கேட்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் ஒன்று எடுத்து வையுங்கள், பிறகு ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒற்றை எண்ணைவிட இரண்டு நாளின் எண்கள் சேர்ந்து கூடச் சொல்லும்.

வெள்ளணுக்களை எண்ணிப் பார்த்தால் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் பழகியவள். ஆனால் மண்ணீரலை எடுத்தவர்களுக்கு வெள்ளணு தானாகவே ஏறும். வாந்திக்குக் கொடுக்கிற டெக்சாமெதசோனும் ஏற்றும். சத்திரசிகிச்சைக்கு முன் கீமோ எடுத்தவர்களுக்கு, கிருமி நிறைந்திருந்தாலும் ஏறாமல் போகலாம். திடீரென்று இறங்குவதும் ஆபத்துக் குறிதான். இந்த மூன்று வகைப் பெண்களும் எங்கள் புற்றுநோய் விடுதிகளில் நிறையப் பேர். பிரோகல்சிற்றோனின் என்ற இன்னொரு பரிசோதனை இருக்கிறது. பக்ரீரியாத் தொற்றை இன்னும் குறிப்பாகக் காட்டக்கூடியது, சத்திரசிகிச்சை தந்த காயத்துக்கு அவ்வளவு துள்ளாது. விலை கூட. வசதியுள்ள இடத்தில், சி.ஆர்.பி. குழப்புகிற போது அதையும் பாருங்கள். வசதியில்லாத இடத்தில் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 2022இல் ஆய்வுகூடங்களில் இரசாயனங்கள் இல்லாமல் எந்தப் பரிசோதனையை விடுவது எதைச் செய்வது என்று ஆட்கள் பட்ட அவதியை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அதனால்தான் எங்கும் இருக்கிற, மலிவான ஒன்றை, தேவையான பெண்களுக்கு மட்டும், தேவையான இரண்டு மூன்று நாளில் மட்டும் கேட்கிறேன்.

நாளை எண்ணுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சின்ன விடயம், ஆனால் ஆளைக் கவிழ்க்கும். சத்திரசிகிச்சை நடந்த நாள் பூச்சியம். அடுத்த நாள்தான் முதலாம் நாள். ஆனால் விடுதிகளில் சிலர் சத்திரசிகிச்சை நாளையே ஒன்று என்று எண்ணுவார்கள், நோயாளியின் வீட்டாரோ அநேகமாக எல்லாரும் அப்படித்தான். எல்லைக் கோடு நாளுக்கு நாள் மாறுகிறபோது, ஒரு நாள் பிசகினால் பிழையான கோட்டோடு ஒப்பிடுவோம். கட்டில் தாளின் மேல் மூலையில் "பூச்சிய நாள்: இன்ன திகதி" என்று எழுதிவிட்டால் முடிந்தது. அலகும் அப்படித்தான். பெரும்பாலான ஆய்வுகூடங்கள் லீற்றருக்கு மில்லிகிராம் என்று தருகின்றன. வெளியில் கொடுத்துச் செய்விக்கும்போது டெசிலீற்றருக்கு என்று வந்தால் 172 என்பது 17.2 ஆக நிற்கும். களைத்த கண்ணுக்கு 17 என்பது நல்ல எண்ணாகத் தெரியும்.

ஆய்வுகூடத்துத் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு சொல். பொற்றாசியம் கூடினால் நீங்கள் விடுதிக்குப் போன் எடுக்கிறீர்கள். அந்தப் பழக்கத்தால் எத்தனையோ இதயம் நிற்காமல் தப்பியிருக்கிறது, அதற்கு நான் சாட்சி. சி.ஆர்.பி.க்கு நீங்கள் போன் எடுப்பதில்லை. எடுக்கவும் முடியாது, ஏனென்றால் எங்கள் வேண்டுகைத் தாளில் பெயரும் கட்டில் இலக்கமும் தவிர ஒன்றும் இருப்பதில்லை. அது டெங்குக் காய்ச்சல்காரரின் இரத்தமா, குடல் பொருத்திய பெண்ணின் இரத்தமா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே விடுதியிலிருந்து தாள் போகும்போதே சிவப்பு மையில் "குடல் பொருத்து, நான்காம் நாள்" என்று எழுதி அனுப்ப வேண்டும். அப்படி எழுதி வந்த தாளுக்கு எண் கூடியிருந்தால் தயவுசெய்து போனை எடுங்கள். எடுத்தவரின் பெயரையும் நேரத்தையும் விடுதித் தாதி கட்டில் தாளில் எழுதட்டும்.

விடுதியில் அந்தப் போன் வந்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்பது நிபுணர்களாகிய உங்கள் கையில் இருக்கிறது. நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. நான் நின்ற நல்ல விடுதிகளில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் வந்து போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். நாடி, மூச்சு எண்ணிக்கை, சிறுநீரின் அளவு ஆகியவற்றை அன்றைய எண்களாக இல்லாமல் மூன்று நாள் வரிசையாகப் பார்ப்பார். வடிகுழாயில் வருவதை முகர்ந்துகூடப் பார்ப்பார். குழாயில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்துக் கசிவில்லை என்று முடிவுகட்ட மாட்டார். குழாய் அடைத்தும் இருக்கலாம், கசிவு வேறு பக்கத்திலும் இருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் சி.ரி. ஸ்கான், அதுவும் அன்றைக்கே. ஸ்கான் தெளிவாயில்லை என்றால் அடுத்த நாள் மறுபடி இரத்தம். பெண்நோயியல் பக்கத்தாரும் பொதுச் சத்திரசிகிச்சைப் பக்கத்தாரும் யார் நோயாளி என்று பார்க்காமல் ஒன்றாக வந்து நிற்பார்கள். இது கடைசியாகச் சொன்னாலும் பெரிய விடயம். கருப்பையை ஒருவர் எடுக்கிறார், குடலை இன்னொருவர் பொருத்துகிறார், அதற்குப் பிறகு அந்தப் பெண் முதலாமவரின் விடுதியில் கிடக்கிறாள். பொருத்தியவர் அந்தப் பக்கம் வருவது அழைத்தால்தான். நான்காம் நாளாவது அழைக்காமலே வந்து போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பரிசோதனை பயமுறுத்த மட்டும் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்கு அனுப்புகிற நேரத்தில்தான் எனக்கு இதன் அருமை கூடத் தெரிகிறது. நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு பெண்ணை நினையுங்கள். வீடு போக வேண்டுமென்றால் குறிகட்டுவான் துறை வரை வாகனம், பிறகு ஒரு மணித்தியாலம் அளவில் படகு. காற்றுக் காலத்தில் கடல் விடவும் வேண்டும். கசிவு பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் வெளியில் தெரியும். சிலருக்கு இரண்டு கிழமை கழித்தும் வரும். அவளை ஆறாம் நாள் அனுப்புகிற டொக்டர் என்ன தைரியத்தில் அனுப்புகிறார்? நான்காம் நாள் சி.ஆர்.பி. 60க்கு இறங்கியிருக்கிறது, சாப்பிடுகிறாள், நடக்கிறாள், நாடி 80 என்றால் தைரியமாக அனுப்பலாம். எண் இறங்கவில்லை என்றால், கட்டில் தட்டுப்பாடு எவ்வளவு இருந்தாலும், படகேற விடாமல் இன்னும் இரண்டு நாள் வைத்திருக்கக் காரணம் கையில் இருக்கும். முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வருகிறவர்களுக்கும் இதே நியாயம்தான்.

அனுப்பும்போது கையில் ஒரு துண்டு கொடுங்கள், தமிழில். வயிறு ஊதினால், நெஞ்சு படபடத்தால், மூச்சு வாங்கினால், குளிர் நடுங்கினால், சளியாக அடிக்கடி வயிற்றால் போனால், சொல்லத் தெரியாமல் "என்னவோ செய்தால்", விடியும்வரை பார்க்காமல் 1990 அம்புலன்ஸுக்குப் போன் எடுங்கள் என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோகிற அட்டையில் இன்றைக்கும் ஆங்கிலம்தான். 1847இல் இங்கே வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்த சாமுவேல் கிறீன், தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, சத்திரசிகிச்சை நூலையும் பிரசவ நூலையும் தமிழில் கொண்டுவந்த மண் இது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, பத்து வரித் துண்டு ஒன்றைத் தமிழில் அடிப்பது எங்களுக்கு ஏலாத காரியமில்லை.

எங்கள் சொந்த எண்களும் எங்களுக்கு வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இலிருந்து இயங்குகிறது. ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். சூலகப் புற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் எங்கள் பெண்களுக்குச் சி.ஆர்.பி. எப்படி ஏறி எப்படி இறங்குகிறது, யாருக்குக் கசிந்தது, எந்த நாளில் தெரிந்தது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினால் நாலைந்து வருடத்தில் எங்களுக்கென்று ஒரு கோடு கிடைக்கும். சோற்றோடும் சொதியோடும் வளர்ந்து, இரத்தசோகையோடும், அல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைந்தும் மேசைக்கு வருகிற எங்கள் பெண்களுக்கு வேறு ஊர்க் கோடு எவ்வளவு பொருந்தும் என்று அப்போதுதான் சொல்லலாம். அல்புமின் குறைந்தவர்களுக்குப் பொருத்து விடுகிற ஆபத்துக் கூட என்பது தெரிந்த விடயம். ஆகவே அதையும் அந்தக் கொப்பியில் எழுதுங்கள்.

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்புவதற்காக 2011 ஜூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் ஆட்கள் நடந்து காசு சேர்த்தார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கால் கொப்பளிக்க நடந்தார்கள். அவ்வளவு தூரம் நடந்து கட்டிய இடத்துக்கும், அதைப் போன்ற மற்ற இடங்களுக்கும் வந்து சேர்கிற பெண்ணுக்கு, ஆய்வுகூடத்திலிருந்து விடுதி மேசை வரையான இருநூறு அடியில் ஒரு எண் தொலைந்துபோகக் கூடாது.

பையைப் பற்றி எழுதச் சொன்னாள் தங்கச்சி. இரண்டாவது சத்திரசிகிச்சையில் குடலை வயிற்றின் இடப்பக்கத்தில் வெளியே எடுத்து வைத்தார்கள். அதில் மலம் வந்து சேர ஒட்டுவதுதான் பை. "அது என்ரை உயிரைக் காப்பாத்தினது, அதைக் குறை சொல்லி எழுதாதை" என்று சொல்லியிருக்கிறாள். சித்திரை வெயிலில் வியர்த்தால் ஒட்டு கழன்றுவிடும். கிளினிக்கில் பை முடிந்த மாதங்களில் ஒன்றைக் கழுவிக் கழுவிப் பாவித்தாள். நல்லூர்த் தேரன்று சனத்துக்குள் யாராவது இடித்துவிடுவார்கள் என்று வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தாள். பிறந்த நாளிலிருந்து அவள் தவறவிட்ட முதல் தேர் அது. வெள்ளிக்கிழமையே தெரிந்திருந்தால் பை வந்திராது என்று நான் சொல்லமாட்டேன். அப்போதும் குடலை வெளியே எடுக்க வேண்டி வந்திருக்கலாம். ஆனால் அந்த 11 நாள் தீவிர சிகிச்சையும், திறந்தபடி கிடந்து ஆறிய காயமும், ஆறு கிழமைக்குள் தொடங்க வேண்டிய கீமோ பதினோராம் கிழமையில் தொடங்கியதும் வேறு கதை. கீமோ பிந்திய ஒவ்வொரு கிழமையும் அவள் கலண்டரில் பென்சிலால் கோடு போட்டாள். எனக்குத் தெரியாமல்தான் போட்டாள். கலண்டரைக் கழற்றிய அன்றுதான் கண்டேன்.

ஒரு தாள் மாதிரி வரைந்து வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். கிடையாகப் பூச்சியத்திலிருந்து ஏழு வரை நாட்கள், மேல்நோக்கிச் சி.ஆர்.பி., கீழே நாடிக்கு ஒரு வரி, மூச்சுக்கு ஒரு வரி, பார்த்தவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். எப்படி வருகிறது என்று பார்க்க முதல் தாளில் தங்கச்சியின் எண்களையே போட்டேன். இரண்டாம் நாள் 186. மூன்றாம் நாள் 248. நான்காம் நாள் வெறுங்கட்டம். ஐந்தாம் நாள் வெறுங்கட்டம். ஆறாம் நாள் 362. கூப்பிடுகிற எந்த விடுதிக்கும் அந்தத் தாளைக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
யாழ்ப்பாணம்